எங்கள் சேரியில் எழுதிக்கொண்டு போன தாள்கள் எங்கே?



போன வருடம் ஒரு பஞ்சமி நில மனு வேலையாக வடமாவட்டத்தில் ஒரு காலனிக்குப் போனேன். எனக்கு அது புது ஊர் இல்லை. 2012இல் முதுகலை சமூகவியல் படித்தபோது, எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுத் திட்டத்துக்காக இதே காலனியில் பதினோரு நாள் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பினோம். ஒரு வீட்டுக்குப் பதினான்கு பக்கம். நான் மட்டும் 38 வீடு எழுதினேன்.

என்னைப் பார்த்ததும் ஓர் ஆயா அடையாளம் கண்டுகொண்டார். "ஏம்மா, நீதான அப்ப வந்து எழுதினு போன? தாத்தா ரெண்டு நாளு உக்காந்து உங்கிட்ட சொன்னாரே, எந்த நெலம் யாருது, எப்பிடிப் போச்சின்னு. அந்தக் காயிதத்த எடுத்தாந்து காட்டு, போதும். நாங்க என்னாத்த புதுசா சொல்லப் போறோம்?"

தாத்தா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யார் பெயரில் பட்டா இருந்தது, ஏரிக்கரைக்கு எந்தப் பக்கம், எந்த வருடப் பஞ்சத்தில் எத்தனை மூட்டை நெல்லுக்காக நிலம் கைமாறியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சர்வே எண்கள்கூட அவருக்கு மனப்பாடம். கேள்வித்தாளில் அதற்கெல்லாம் இடம் இல்லை. பக்கத்தின் ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதிக்கொண்டேன். ஆனால் அந்த எண்களில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. தாத்தா 2016இல் இறந்துவிட்டார்.

சர்வே எண் தெரிந்தால் 'அ' பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் ஆவணத்தையும் குறிப்பிட்டுக் கேட்கலாம். தெரியாவிட்டால், எந்த நிலம் என்று தெளிவாகச் சொல்லுங்கள் என்று மனு திரும்பி வரும். அதனால் நான் படித்த துறையைத் தேடிப் போனேன்.

பேராசிரியர் ஓய்வு பெற்றிருந்தார். துறைக்கு வெள்ளையடித்தபோது கேள்வித்தாள் கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். குறுந்தகடு ஒன்று கிடைத்தது, அது திறக்கவில்லை. கடைசியில் என்னோடு படித்த தோழர் ஒருவரின் பழைய பென்டிரைவில் ஒரு எக்ஸெல் கோப்பு இருந்தது. கே17 என்ற தலைப்பின் கீழ் 1, 2, 9 என்று வரிசையாக எண்கள். 2 என்றால் நிலம் உண்டா, இல்லையா? 9 என்றால் பதில் சொல்லவில்லையா, தெரியாது என்றார்களா? எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எழுதிவைத்த குறியீட்டுப் பட்டியல் எங்கும் இல்லை. நானே நிரப்பிய ஆய்வு, எனக்கே படிக்கத் தெரியவில்லை. ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதிய எதுவும் கணினிக்குள் ஏறவே இல்லை.

அந்தத் திட்டத்திலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்திருந்தன. காலனிக்கு ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை.

இதை ஒரு பேராசிரியரின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட முடியாது. திரட்டிய தரவை எங்கே வைப்பது, யார் பொறுப்பு, எத்தனை வருடம் வைத்திருப்பது, யாருக்குக் கொடுப்பது என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் விதியே இல்லை. இருந்திருந்தால் வெள்ளையடிக்க வந்தவர் கையில் எங்கள் சேரியின் வரலாறு போயிருக்காது.

கலெக்டரின் குறிப்பு இருக்கிறது, துறையின் தாள் இல்லை

பஞ்சமி நிலம் என்று ஒன்று இருப்பதே நமக்கு எப்படித் தெரியும்? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஒரு விரிவான அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. இப்படி ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

அந்த அறிக்கையும் அரசாணையும் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. நூறு வருடம் கழித்து நம் ஆட்கள் எடுத்துப் படித்தார்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் காரணை நிலத்துக்குப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரக் கலெக்டர் எழுதியது 130 வருடமாக இருக்கிறது. சமூகநீதி பேசும் நம் மாநிலத்தில், நம் வரிப்பணத்தில், நாமே போய் எழுதிய தாள் பன்னிரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. ட்ரெமென்ஹீரை நல்லவர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் எழுதியதைப் பாதுகாக்க ஒரு அமைப்பு இருந்தது. எங்கள் துறை எழுதியதைப் பாதுகாக்க எதுவும் இல்லை.

தரவு மேலாண்மை என்றால் என்ன?

ஆய்வுத் தரவு மேலாண்மை என்ற சொல்லைக் கேட்டதும் அது கணினித் துறைக்காரர்கள் சமாச்சாரம் என்று நம் மாணவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. களத்துக்குப் போகும் முன்பே ஒரு திட்டம் எழுத வேண்டும்: என்ன திரட்டப் போகிறோம், எங்கே வைப்போம், யார் பார்க்கலாம், ஆய்வு முடிந்த பிறகு என்ன ஆகும். கேள்வித்தாளோடு குறியீட்டுப் பட்டியலையும் சேர்த்து வைக்க வேண்டும். நகல்களை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் பல்கலைக்கழகத்தின் தரவுக் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். இதற்கென்று நூலகத்தில் ஆள் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது நூலகம் செய்யும் அன்றாட வேலை.

நகலை ஏன் வெவ்வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு நம் பாடத்திலேயே கதை இருக்கிறது. எம்.என்.சீனிவாஸ் மைசூர்ப் பக்கம் ராம்புரா கிராமத்தில் எடுத்த களக்குறிப்புகளைத் தொகுத்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டுக்குக் கொண்டுபோயிருந்தார். தொகுத்த குறிப்புகளுக்கு மூன்று நகல்கள். மூன்றும் அவர் இருந்த இடத்திலேயே இருந்தன. 1970 ஏப்ரலில் யாரோ வைத்த தீயில் எரிந்தன. நினைவிலிருந்தே அவர் எழுதிய புத்தகம் 1976இல் வந்தது, இன்றும் பாடமாக இருக்கிறது.

அவர் எழுதினால் நினைவும் சமூகவியல் ஆகிறது. காலனித் தாத்தாவின் நினைவு தாலுகா அலுவலகத்தில் செல்லாது, அதற்குத் தாள் வேண்டும். அதனால் தாள் எரிந்தாலும் எடைக்குப் போனாலும் இழப்பு எல்லோருக்கும் ஒன்றில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீனிவாஸ் அந்த ஊரில் தங்கியது ஊர்த்தலைவருக்குச் சொந்தமான வீட்டில். எந்தத் தெருவில் உட்கார்ந்து தரவு எடுத்தோம் என்பது தரவின் ஒரு பகுதி. கேள்வி கேட்டவரின் சாதி என்ன, அவர் சேரியில் தண்ணீர் குடித்தாரா, பக்கத்தில் ஊர்க்காரர் யாராவது நின்றுகொண்டிருந்தாரா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். தரவை ஒப்படைக்கும்போது இந்த விவரங்களும் சேர்ந்து போக வேண்டும். எந்தக் கணினிக்காரரும் இதைச் சொல்லித்தர மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.

பகிர்ந்தால் என்ன கிடைக்கும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் தன் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆய்வு செய்தார். 1918இல் அது புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி ஆகிய ஊர்கள் அதில் உண்டு. முதல் ஆய்வின் விவரங்கள் பொதுவில் கிடைத்ததால் அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போக முடிந்தது. இருவேல்பட்டில் 2008 வரைக்கும் மறு ஆய்வு நடந்திருக்கிறது. நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி வேலைக்கு யார் போனார்கள் என்று ஒரே ஊரில் தொண்ணூறு வருடத்தைத் தொடர்ந்து பார்க்க முடிகிறது.

இன்னொரு உதாரணம். டெல்லியின் என்சிஏஇஆர் நிறுவனமும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின் இரண்டாம் சுற்று 2011-12இல் நாடு முழுக்க 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்தது. உங்கள் வீட்டில் தீண்டாமை பார்க்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்டார்கள். சுமார் 27 சதவீதக் குடும்பங்கள் பார்க்கிறோம் என்று ஒத்துக்கொண்டன. அந்த ஆய்வின் மூலத்தரவு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962 முதல் இயங்கும் தரவுக் காப்பகத்தில் இருக்கிறது. பெயர், முகவரி நீக்கப்பட்ட அந்தத் தரவைப் பதிவு செய்துகொண்டு எவரும் இறக்கலாம். நீங்களும் இறக்கலாம். 'இப்பல்லாம் யாரு சாதி பாக்குறா' என்று கேட்பவர் வாயை அடைக்க இதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

வேடிக்கையைப் பாருங்கள். தீண்டாமை பற்றிய தேசிய ஆய்வின் தரவு மிச்சிகனிலிருந்து என் கணினிக்குப் பத்து நிமிடத்தில் வருகிறது. ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் என் சொந்த மாவட்டத்துச் சேரிகளைப் பற்றித் திரட்டியது எனக்குக் கிடைப்பதில்லை.

இங்கே ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஷோத்கங்கா தளத்தில் ஏற்ற வேண்டும் என்று யுஜிசி 2009லேயே விதி கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் அங்கே இருப்பது ஆய்வேட்டின் பிடிஎஃப். அதற்குப் பின்னால் இருக்கும் தரவு இல்லை. சமூக அறிவியல் தரவை ஒப்படைக்க ஐசிஎஸ்எஸ்ஆர் ஒரு தரவுச் சேவையை வைத்திருக்கிறது. நம் கல்லூரிகளில் எத்தனை கைடுகள் அதைப் பற்றி மாணவரிடம் பேசுகிறார்கள்? பொதுப்பணத்தில் திரட்டிய, ரகசியம் இல்லாத தரவு மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2012இல் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின் சாதி விவரத்தை வெளியிடவில்லை என்று அதே ஒன்றிய அரசைக் கண்டித்துத் தெருவில் நிற்கிறோம். நிற்க வேண்டும்தான். அதே கேள்வியைப் பல்கலைக்கழகத்தின் வாசலில் ஏன் கேட்பதில்லை?

எல்லாவற்றையும் திறந்துவிடலாமா?

கூடாது. இதில் நாம் ஏமாந்துவிடக் கூடாது.

தரவு எல்லாம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது கேட்க நன்றாக இருக்கும். அறுபது வீடு இருக்கும் ஒரு சேரியில், 'கணவரைப் பிரிந்த, ஆசிரியர் பயிற்சி முடித்த, 34 வயதுப் பெண்' என்று எழுதினால் பெயர் எதற்கு? ஊர்க்காரர் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். அவர் சொன்னது டீக்கடையில் தனிக்குவளை பற்றியோ, தன்மேல் கைவைத்த நிலக்காரரைப் பற்றியோ என்றால் அந்தத் தரவு அவரை அடிக்க வரும் கம்பு. சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு மறைந்து வாழும் இணையர்களைப் பேட்டி எடுத்து, எந்த ஊரில் வேலை பார்க்கிறார்கள் என்ற விவரத்தோடு ஆய்வேட்டில் போட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் தரவைப் பல படியாகப் பிரிக்க வேண்டும். பெயரும் ஊரும் நீக்கிய எண்கள் எல்லோருக்கும். பேட்டிகள், விண்ணப்பித்துக் காரணம் சொல்லி உறுதிமொழி கொடுப்பவருக்கு மட்டும். வன்கொடுமை வழக்கில் சாட்சியாக இருப்பவர் சொன்னது பூட்டுக்குள். சொன்னவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அவர் சொன்னது எப்போது வேண்டுமானாலும். தாத்தா சொன்ன சர்வே எண்ணை உலகத்துக்கே காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆயாவிடம் கொடுங்கள் என்கிறேன்.

2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு நிபந்தனையோடு விலக்கு கொடுக்கிறது. சட்டம் விலக்கு கொடுக்கும் இடத்தில் பல்கலைக்கழகத்தின் சொந்த விதி இருந்தால்தான் நம் மக்களுக்குப் பாதுகாப்பு.

ஒப்புதல் இல்லாமல் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடிகளிடம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990 முதல் ரத்த மாதிரி வாங்கினார்கள். சர்க்கரை நோய் ஆய்வுக்கு என்றுதான் மக்கள் நம்பிக் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு, உறவுக்குள் திருமணம், அந்த இனம் எங்கிருந்து வந்தது என்ற ஆய்வுகளுக்கெல்லாம் போனது. 2003இல் அந்த இனத்தைச் சேர்ந்த கார்லெட்டா டிலூசி என்ற பெண் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வின் விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். தன் மக்களின் ரத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று புரிந்ததும், இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். வழக்கு நடந்தது. 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

நம் பிள்ளைகள் ஆய்வு வளாகத்துக்குள் உட்கார்ந்திருப்பது ஏன் முக்கியம் என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

உலகப் பழங்குடி மக்களின் தரவு உரிமைக் கூட்டமைப்பு 2019இல் சில நெறிகளை வெளியிட்டது. தரவால் அந்த மக்களுக்கு நன்மை இருக்க வேண்டும், அதன்மேல் அவர்களுக்கு அதிகாரம் இருக்க வேண்டும், வைத்திருப்பவருக்குப் பொறுப்பு இருக்க வேண்டும், எல்லாம் அறத்தோடு நடக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் சாரம். சேரிக்கும் இது அப்படியே பொருந்தும்.

'நான் கஷ்டப்பட்டுத் திரட்டிய தரவு'

பகிருங்கள் என்றதும் பேராசிரியர்கள் சொல்லும் முதல் பதில் இதுதான். ஐயா, வெயிலில் நடந்தது நாங்கள். வேலைக்குப் போகாமல் ஒருநாள் கூலியை விட்டு உட்கார்ந்து பதில் சொன்னது எங்கள் அத்தையும் சித்தப்பாவும். உங்கள் பெயரில் வந்த கட்டுரையில் எங்களுக்கு நன்றி என்று ஒரு வரிகூட இல்லை. இதில் யார் கஷ்டப்பட்டது?

இரண்டாவது பதில், மக்கள் நம்பிச் சொன்னதை எப்படி வெளியில் கொடுப்பது என்பது. நியாயமான கவலைதான். ஆனால் நம்பிச் சொன்னதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது மட்டும் எந்த ஊர் நம்பிக்கை? மக்களின் ரகசியத்தைக் காக்கிறேன் என்பவர் பீரோவுக்குப் பூட்டாவது வாங்கியிருக்க வேண்டாமா?

மூன்றாவது ஒரு கவலை இருக்கிறது, அது நம் ஆய்வாளர்களுடையது. 'என் தரவைக் களஞ்சியத்தில் போட்டால், ஆங்கிலமும் ஆள்பலமும் உள்ளவர் எனக்கு முன்னால் கட்டுரை போட்டுவிடுவார்' என்று ஒரு தங்கை என்னிடம் சொன்னார். இதை நான் தள்ளிவிட மாட்டேன். நடக்கக்கூடியதுதான். அதற்குத்தான் காலத்தடை வைக்கிறார்கள். தரவை இன்றே ஒப்படைக்கலாம், இரண்டு மூன்று வருடம் மற்றவர் யாரும் திறக்க முடியாது. உன் பெயரில் தேதியோடு பதிவாகிவிடும். அதற்குப் பிறகு எடுப்பவர் உன் பெயரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். கைடு பெயரில் போன உழைப்புக்கு இப்போது எந்தச் சான்றும் இல்லை. ஒப்படைத்தால் சான்று இருக்கும்.

என்ன கேட்பது

மாணவர் அமைப்புகளில் இருக்கும் தோழர்கள் கல்வி உதவித்தொகை, விடுதி, காலிப் பணியிடங்கள் என்று கோரிக்கை எழுதும்போது இவற்றையும் சேருங்கள்.

ஒன்று: ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆய்வுத் தரவுக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். அதை எழுதும் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களும் மக்கள் அமைப்புகளின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும்.

இரண்டு: ஒப்புதல் படிவம் தமிழில், படித்துக் காட்டும் மொழியில் இருக்க வேண்டும். தரவு எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் எப்படித் திரும்பப் பெறுவது என்று அதில் இருக்க வேண்டும். ஒரு நகல் பதில் சொன்னவர் கையில்.

மூன்று: நூலகத்தில் தரவுக்கென்று ஒரு நிரந்தரப் பணியிடமும், மாணவருக்குப் பயிற்சியும் வேண்டும். பேராசிரியர் ஓய்வு பெறும் நாளில் நாற்காலி, மேசையை எண்ணி வாங்குவதுபோலத் தரவையும் எண்ணி வாங்க வேண்டும்.

நான்கு: எந்த ஊரில் ஆய்வு நடந்ததோ, அந்த ஊர் மக்களுக்கு முடிவைத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும்.

ஐந்து: களத்தில் தரவு திரட்டிய மாணவர்களின் பெயர் தரவோடு பதிவாக வேண்டும்.

இவையெல்லாம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வருடம் களப்பணிக்குப் போகும் தம்பி, தங்கைகள் இன்றே தொடங்கலாம். கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் தேதி, இடம், கேட்டவர் பெயர் எழுதுங்கள். குறியீட்டுப் பட்டியலைத் தனித்தாளில் எழுதிக் கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். பெயர் இருக்கும் தாளையும் பதில் இருக்கும் தாளையும் தனித்தனியாக வையுங்கள். செல்போனில் படமெடுத்தால் கடவுச்சொல் போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். பின்பக்கத்தில் எழுதியதைத் தட்டச்சு செய்யுங்கள், அங்கேதான் நம் மக்கள் பேசியிருக்கிறார்கள். முடிந்ததும் ஊருக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள்.

நான் அன்றைக்கு ஆயாவிடம், "அந்தத் தாள் தொலஞ்சி போச்சி ஆயா" என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "சரி வுடு, நெலமே போச்சி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மனு இன்னும் நடக்கிறது. காலனியில் இருக்கும் நான்கு பெரியவர்களிடம் மறுபடியும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை ஒவ்வொரு தாளுக்கும் மூன்று நகல். முதல் நகல் அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

ஜெய்பீம்.